மூன்றாவது சுவிட்ச்

எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஒரு விளக்கு முடிவு செய்கிறது. அதிகாரியின் அறைவாசலுக்கு மேலே தொங்குகிற நாற்பது வாட் பல்பு. எரிந்தால் வீடு உண்டு, எரியாவிட்டால் இல்லை. நான் முதல் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். அந்த விளக்கில் பாதி என் விரலில் இருக்கிறது என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வாள். மீதிப் பாதியைப் பற்றி அவள் பேச்சே எடுப்பதில்லை.

எங்களுடையது குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகம். வாரியத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரியம் கட்டிவைத்திருக்கும் வீடுகளைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு காலத்தில் அதைப் புத்தியை வைத்துத்தான் செய்துகொண்டிருந்தோம். கணவனும் மனைவியும் வாரியத்தில் வேலை பார்த்த ஒரு ஜோடி, ஆளுக்கொரு மனுப் போட்டு ஆளுக்கொரு வீடு வாங்கி, ஒன்றில் குடியிருந்துகொண்டு மற்றொன்றில் கோழி வளர்த்தது. விஷயம் வெளியே வந்ததும் எங்கள் புத்திக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தருக்கவியல் ஆலோசகர் ஒருவரை வரவழைத்து எல்லோருக்கும் ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள்.

ஆலோசகர் மெல்லிய குரலில் பேசுகிற நல்ல மனிதர். ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிப் போட்டு, "பூவும் விழுந்து தலையும் விழுந்ததை யாராவது பார்த்ததுண்டா?" என்று கேட்டார். நாங்கள் பார்த்ததில்லை. "ரெண்டும் விழாம இருந்ததை?" அதையும் பார்த்ததில்லை. "இப்படி ரெண்டில் ஒன்று, ஒன்றே ஒன்று மட்டும் உண்மையாக இருந்தால்தான் மொத்தமும் உண்மை. இதற்கு விலக்குறழ்வு என்று பெயர்" என்றார். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'ஒன்றே ஒன்று விதி' என்று வைத்துக்கொண்டோம். பிற்பகலில் அவர் வேறொரு வகையைப் பற்றியும் சொன்னாராம். மழைக்குக் குடை இருந்தாலும் சரி, மழைக்கோட்டு இருந்தாலும் சரி, இரண்டும் இருந்தால் இன்னும் சௌகரியம் என்கிற வகை. அது நடக்கும்போது நாங்கள் டீ குடிக்கப் போயிருந்தோம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த டீயைத்தான் சொல்ல வேண்டும்.

புது விதி இதுதான்: கணவனோ மனைவியோ வாரிய ஊழியராக இருக்க வேண்டும். இருவருமே ஊழியராக இருக்கக் கூடாது. இருவருமே ஊழியராக இல்லாமலும் இருக்கக் கூடாது. கணவனை முதல் கவுண்டரில் நான் விசாரிப்பேன். மனைவியை இரண்டாம் கவுண்டரில் என் சக ஊழியை விசாரிப்பார். ஆமாம் என்றால் ஆளுக்கொரு சுவிட்சைப் போடுவோம். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று நடுவில் அட்டைத் தடுப்பு. ஒரே ஒரு சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும். இரண்டும் போட்டால் எரியாது, இரண்டும் போடாவிட்டாலும் எரியாது.

நாலு வரி அட்டவணையைக் கருங்கல்லில் வெட்டிச் சுவரில் பதித்தார்கள். காலையில் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்ல வேண்டும்: "உண்மை உண்மை பொய். உண்மை பொய் உண்மை. பொய் உண்மை உண்மை. பொய் பொய் பொய்." கடைசி வரியை மட்டும் நாங்கள் கொஞ்சம் உரக்கவே சொல்வோம்.

இந்த விளக்குக்கு ஒயர் இழுத்தது வாரியத்தின் வயர்மேன்தான். ஒல்லியாக, சட்டைப் பையில் டெஸ்டரோடு திரிகிற இளைஞன். "சார், இது மாடிப்படி விளக்குதான். கீழ ஒரு சுவிட்ச், மேல ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் மாறும்" என்று எனக்கு விளக்கினான். அரை நாளில் வேலை முடிந்தது.

ஆறு மாதம் கழித்து அதே பையன் புதுச் சட்டையோடு என் கவுண்டர் முன்னால் நின்றான். பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெண் நின்றாள், விரல் நகங்களில் கிரீஸ். அவள் எங்கள் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணம் ஆகி மூன்று வாரம். அவன் ஆண்கள் விடுதியில் இருந்தான், அவள் பெண்கள் விடுதியில் இருந்தாள். இரண்டு விடுதியிலும் வெளியாளுக்கு அனுமதி கிடையாது. கட்டின புருஷனையும் விடுதிக் காவலாளி வெளியாள் என்றுதான் எழுதிக்கொள்வார்.

"வாரிய ஊழியரா?" என்று கேட்டேன். தெரிந்தவனிடமும் கேட்டே ஆக வேண்டும்.

"என்ன சார், என்னைத் தெரியாதா? ஆமா."

சுவிட்சைப் போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கமும் 'டக்' என்றது. விளக்கு எரியவில்லை.

அவனுக்கு முதலில் பல்பின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஏணியைக் கொண்டுவந்து ஏறிக் கழற்றி, காதோரம் ஆட்டிப் பார்த்தான். ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். பாவம், தான் போட்ட ஒயரே தன்னை வெளியே நிறுத்தும் என்று எந்த வயர்மேனுக்குத்தான் தோன்றும்?

அதிகாரி வெளியே வந்தார். எங்கள் அதிகாரி சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். கையெழுத்துப் போட ஒன்றையும் எடுக்க மாட்டார்.

"தம்பி, உங்க வீட்டுக்காரம்மாவும் ஊழியர், நீங்களும் ஊழியர். ரெண்டு பேருக்கும் தகுதி இருக்கு. அதனால தகுதி இல்ல."

"சார், ஒருத்தருக்கு இருந்தாலே குடுப்பீங்களே? எங்க ரெண்டு பேருக்கும் இருக்கே?"

"அதான் பிரச்சினையே. ஒருத்தர்கிட்ட இருந்தா அது தகுதி. ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா பேராசை."

"ஒரு வீடுதான சார் கேக்குறோம்?"

"நான் யாருப்பா முடிவு பண்ண? விளக்கு எரியல. எரிஞ்சிருந்தா இந்தக் கையால சாவி குடுத்திருப்பேன். எனக்கென்ன உங்க மேல கோபமா?"

வேலை வெட்டி இல்லாத ஒரு பெண்ணை அவன் கட்டியிருந்தால் அன்றைக்கே சாவி கிடைத்திருக்கும்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் இருவரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாதி மனுவுக்காக, பாதி வராந்தாவில் கிடந்த பெஞ்சுக்காக. அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இந்த ஊரில் வேறு இடம் இல்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள், அவன் மூடியில் வாங்கிக்கொள்வான். ஒருநாள் அவர்கள் தாழ்ந்த குரலில் சண்டை போட்டது என் காதில் விழுந்தது.

"யாராவது ஒருத்தர் வேலைய விட்டா எரியுமாம்ல?" என்றான்.

"விடுங்க."

"நானா?"

"பின்ன நானா? நாலு மோட்டார நான் ஒருத்தி பாக்குறேன். நான் விட்டா பாதி ஊருக்குத் தண்ணி வராது. நீங்க விட்டா என்ன, நாலு பேன் சுத்தாது."

அவன் டிபன் மூடியை அவள் பக்கம் தள்ளினான். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பிரித்துவைத்துச் சம்பளம் வாங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வேலையை விடாமலே ஊழியர் இல்லை என்று ஆக வழி உண்டா என்று அவன் என்னைக் கேட்டான். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் அந்தக் காலத்தில் ஊழியர் ஆகமாட்டார் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே அவன் தன் மேற்பார்வையாளரை எட்டு பேர் முன்னால் கழுதை என்று திட்டினான். மேற்பார்வையாளர் எழுத்தில் புகார் கொடுத்தார். காரியம் சீக்கிரம் முடியட்டும் என்று இவனும், 'ஆமாம், கழுதை என்று சொன்னேன், நினைத்துத்தான் சொன்னேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அங்கேதான் அடி வாங்கினான். எங்கள் விதியின் புகழ் அதற்குள் வாரியம் முழுக்கப் பரவியிருந்தது. ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவும் அதையே எடுத்துக்கொண்டிருந்தது: புகார் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்புதல் இருக்க வேண்டும். புகாரும் இருந்து ஒப்புதலும் இருந்தால் குற்றம் இல்லை. நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வையாளர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

மருத்துவப் பிரிவில் இன்னும் மோசம். காய்ச்சல் இருந்தால் மாத்திரை, இருமல் இருந்தால் மருந்து. இரண்டும் இருந்தால் ஆரோக்கியம். என் சக ஊழியை ஒருநாள் நெருப்பாய்க் கொதிக்கிற உடம்போடு இருமிக்கொண்டே போய், 'நலமாக உள்ளார்' என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்து மத்தியானம் வரை சுவிட்ச் போட்டார். அவர் கண்டிப்பானவர். விதியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கருங்கல்லை ஒரு மாதிரி முறைத்துப் பார்த்தார்.

இந்தச் சமயத்தில் தலைமையகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. யாரோ ஒரு தட்டச்சர், வாரிய ஊழியரான தன் அப்பாவின் வீட்டையும் சேர்த்து அனுபவிக்கிறாராம். உடனே உத்தரவு வந்தது: கூடக் குடியிருக்கப் போகும் பெற்றோர் ஒருவரையும் இனி விசாரிக்க வேண்டும். மூவரில் ஒருவர் மட்டுமே ஊழியராக இருக்கலாம். ஏற்கெனவே உள்ள முறையிலேயே மூன்றாவது சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவும். மூன்றாவது கவுண்டருக்கு ஆள் கிடையாது என்பதால் அந்தச் சுவிட்ச் என் இடது கைக்கு வந்து சேர்ந்தது.

சேர்க்க வந்தவன் அதே வயர்மேன். பலகையைக் கழற்றிப் பார்த்தவன் நேரே அதிகாரியிடம் போனான்.

"சார், ஒண்ணு சொல்லணும். ஏற்கெனவே இருக்கிற முறையிலேயே நடுவுல ஒரு சுவிட்ச் சேத்தா, ஒண்ணு போட்டா எரியும். ரெண்டு போட்டா எரியாது. மூணும் போட்டா மறுபடி எரிஞ்சிரும்."

அதிகாரி சிரித்தார். "ரெண்டே தப்புன்னா மூணு எவ்வளவு பெரிய தப்பு! அதுக்குப் போய் எரியுமா?"

"எரியும் சார்."

"விளக்குக்கு அறிவு இருக்குய்யா."

"விளக்குக்கு ஒயர்தான் சார் இருக்கு."

இந்தப் பதில் அதிகாரிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. என் சக ஊழியையைக் கூப்பிட்டு, கருங்கல்லை வைத்தே கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். அவர் நிதானமாகச் சொன்னார்: "மூணு பேரும் ஊழியர்னு வெச்சுக்குவோம் சார். முதல் ரெண்டு பேர். உண்மை, உண்மை. கல்லு என்ன சொல்லுது? பொய். இப்ப அந்தப் பொய்யோட மூணாவது ஆளச் சேர்க்கணும். பொய், உண்மை. கல்லு என்ன சொல்லுது? உண்மை."

அதிகாரி கல்லைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார்.

"கல்லுல இருக்கே," என்றார் கடைசியில். "கல்ல எதிர்த்து நான் பேசுறதா? என் சர்வீஸ்ல நான் சொந்தமா யோசிச்சேன்னு ஒருத்தர் என்னைக் கைநீட்டிப் பேசினதில்ல. மூணு சுவிட்சுக்கு எட்டு வரி வருமாமே, எட்டையும் வெட்டச் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேனாவை எடுத்து ஒப்புதல் கையெழுத்தும் போட்டார். புதுக் கல் வந்தது. முதல் வரி: உண்மை உண்மை உண்மை உண்மை. காலைப் பாராயணம் பதினோரு நிமிஷம் ஆயிற்று.

வயர்மேன் அந்த முதல் வரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வராந்தாவுக்குப் போய் மாமியாருக்குப் போன் போட்டான்.

இரண்டே மாதம். ஒரு திங்கட்கிழமை மூன்று பேராக வந்தார்கள். மாமியார் ஐம்பது வயதைத் தாண்டினவர், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கணவனுக்கான கேள்வியை முடித்து வலது கைச் சுவிட்சைப் போட்டேன். மனைவிக்கான சுவிட்ச் அந்தப் பக்கம் 'டக்' என்றது. பிறகு நாற்காலியில் இடதுபக்கமாகத் திரும்பி, மாமியாரிடம் கேட்டேன்.

"நீங்க வாரிய ஊழியரா அம்மா?"

"ஆமா தம்பி. வாரியத்துக் குழந்தைகள் காப்பகத்துல ஆயா. ஏழு வருஷமா அந்த வேலைக்கு ஆளே வரலையாம். சேர்ந்து பதினோரு நாள் ஆகுது. நானும் வேலை பாத்தாத்தான் என் பொண்ணு புருஷனோட குடும்பம் நடத்த முடியும்னா, பாத்துட்டுப் போறேன். இதுல என்ன வெக்கம்?"

இடது கைச் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது.

அதிகாரி சாவியை எடுத்துக் கொடுத்து, வாரியத்துக்காகக் குடும்பமே உழைப்பதைப் பாராட்டி நாலு வார்த்தை பேசினார். இரண்டு பேர் உழைத்தால் ஏன் பேராசை, மூன்று பேர் உழைத்தால் ஏன் தியாகம் என்று யாரும் கேட்கவில்லை. சாவியை வாங்கின பெண் அதைக் கிரீஸ் நகங்களுக்குள் பொத்திக்கொண்டாள்.

எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. இரண்டு அறை வீடு. மாமியார் சமையலறையில் படுத்துக்கொள்கிறாராம், காற்று நன்றாக வருகிறதாம். அதற்குள் அந்தப் பெண் மாசமாகவும் ஆகிவிட்டாள்.

அப்போதுதான் ஆலோசகர் மறுபயிற்சி நடத்த வந்தார். வந்தவர் வாசலிலேயே கல்லைப் படித்துவிட்டு நின்றுபோனார். "மூணும் உண்மைன்னா உண்மைன்னு யாருங்க எழுதினது?"

"நீங்கதான்" என்றார் அதிகாரி.

"நான் ரெண்டு பேருக்குச் சொன்னேன். அதைச் சங்கிலியாக் கோத்துட்டே போனா 'ஒருத்தர் மட்டும்'னு வராதுங்க. ஒத்தைப்படையா இருந்தாலே எரியும். ஒண்ணு, மூணு, அஞ்சு. நீங்க கேட்டது வேற, விளக்கு சொல்றது வேற." அவர் மெல்லிய குரல் இன்னும் மெலிந்தது. "மூணு பேரும் ஊழியரா இருந்து யாருக்காவது வீடு குடுத்துட்டீங்களா?"

பதிவேட்டைப் புரட்டினோம். ஒரே ஒரு வீடுதான் அப்படி. மறுநாள் மூவரையும் வரவழைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம், நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. வீடு போனால் அவள் மறுபடி விடுதிக்குத்தான் போக வேண்டும். விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அது பிறந்ததும் வெளியாள் கணக்கில் வந்துவிடும்.

அதிகாரி எழுந்து பேசினார்.

"இவர் வாரியத்தின் ஆலோசகர். வாரியம் தேர்ந்தெடுத்தவர் தப்பாச் சொல்ல முடியாது. அது வாரியத்தின் விளக்கு. வாரியம் மாட்டின விளக்கு தப்பா எரிய முடியாது. ரெண்டுல யார் சரின்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன், அது என் கொள்கை. வழக்கம்போல விளக்கையே கேட்போம். ஆலோசகர் சரின்னா முதல் கவுண்டர் சுவிட்சைப் போடட்டும். விளக்கு சரின்னா ரெண்டாம் கவுண்டர் போடட்டும். எரிஞ்சா, ரெண்டுல ஒருத்தர் மட்டும் சரி, இன்னொருத்தர் தப்புன்னு ஆகும். அப்ப விசாரணை வைக்கணும். விசாரணை முடியிற வரைக்கும் அந்த வீட்டுக்குப் பூட்டு. எரியலைன்னா விவகாரமே இல்ல."

"விளக்கு சரியான்னு விளக்கையே கேப்பீங்களா?" என்றார் ஆலோசகர்.

"பின்ன உங்களையா கேக்க முடியும்? நீங்க ஒரு கட்சி."

விசாரணை என்றால் எங்கள் வாரியத்தில் மூன்று வருஷம். நானும் என் சக ஊழியையும் ஒரே மாதிரி செய்தால் விளக்கு எரியாது, வீடு தப்பும். வேறு வேறாகச் செய்தால் எரியும், வீட்டுக்குப் பூட்டு. நடுவில் அட்டைத் தடுப்பு. பேசக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. அவரோ கண்டிப்பானவர். விளக்கு தப்பு என்பது அவருக்குத் தெரியும், கணக்கைப் போட்டவரே அவர்தான். மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்தால் போட மாட்டார். விதிக்குப் பயந்தால் போடுவார்.

"ம், ஆகட்டும்" என்றார் அதிகாரி.

நான் விரலைச் சுவிட்சில் வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆலோசகர் என் பின்னால் நின்று, "உண்மை எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சி நடுத்தெருவில் நிற்க வேண்டுமா? எங்கள் இரண்டு பேருக்கும் தலைக்கு மேல் அதிகாரி நின்றார், எனக்கு எதிரே அந்த மூன்று பேர் நின்றார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அதன்பின் 'டக்'.

வழக்கமாக அவர் போடுகிற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும். அன்றைக்குப் போட்டது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் போட்டேன்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பல்பு இருட்டாகவே தொங்கியது.

"ரெண்டு பேரும் சரி" என்றார் அதிகாரி, மனநிறைவோடு.

"ரெண்டு பேரும் எப்படிங்க சரியா இருக்க முடியும்? நான் அது தப்புன்னுதானே சொல்றேன்!" ஆலோசகர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"முடியாதுல்ல? அதனாலதான் எரியல" என்று சொல்லி அதிகாரி கோப்பைக் கட்டினார்.

வயர்மேனுக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒயரைத் தெரிந்தவன்தான். ஆனால் பயத்தில் எல்லாம் மறந்துபோய், எரியாத விளக்கு என்றாலே வீடு இல்லை என்று நின்றுவிட்டான். "சார்..." என்றான். "எரியலையே சார். அப்ப நாங்க எங்க சார் போறது?"

அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. எரிச்சலோடு திரும்பினார்.

"எங்க போறதுன்னா? வீட்டுக்குப் போங்கய்யா!"

விளக்கு வந்த நாளிலிருந்து அதைக் கேட்காமல் வீட்டு விஷயத்தில் அவர் போட்ட ஒரே உத்தரவு அதுதான். மூன்று பேரும் போனார்கள்.